தீப்பிடிக்காத துணி

மகேந்திரன் வேலை விட்டு வந்து சட்டையைக் கழற்றிக் கூடையில் போட்டதும் பிரமிளா அதை எடுத்து முகர்ந்து பார்த்தாள். செண்டு வாடை வந்திருந்தால்கூட அவளுக்கு ஒரு தெளிவு கிடைத்திருக்கும். வந்ததோ கழிவறை கழுவும் மருந்தைப் போன்ற காட்டம். மூக்கில் ஏறிக் கண்ணைக் கரித்தது. அவன் வேலை பார்ப்பது ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில், ஹோட்டல் திரைச்சீலைகளுக்குத் தீப்பிடிக்காத மருந்து அடிக்கும் ஃபெக்டரியில். அந்த வாடை அவனிடம் எப்போதும் இலேசாக இருக்கும். ஆனால் தீமிதிக்குக் காப்புக் கட்டிய நாளிலிருந்து ஆளே அதில் ஊறி வந்ததுபோல இருந்தது.

"ஏங்க, இன்னைக்கும் ஓட்டியா?"

"ஆமா. ஹோட்டல் ஓர்டர்லா. அவசரம். கூடுதல் நேரம் நிக்கச் சொல்லிட்டாங்க."

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் குளிக்கப் போய்விட்டான். அவள் சட்டையைத் திரும்பக் கூடையில் போட்டாள்.

பிரமிளாவுக்கு அடுத்தவர் பொய்தான் சோறு போடுகிறது. புந்தோங்கில் ஒரு பாசாராயா பேரங்காடியின் வாசலில் அவளுக்கு ஜாகா வேலை, காவல் வேலை. சாமான் வாங்கிக்கொண்டு வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து ரசீதோடு ஒத்துப் பார்த்து அனுப்ப வேண்டும். சிரித்துப் பேசுகிறவர்களை அவள் இரண்டு முறை பார்ப்பாள். பேசாமல் போகிறவர்களை மூன்று முறை. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியை அவள் வாசலில் நிறுத்த, அந்த வயிற்றிலிருந்து இரண்டு மீலோ டின்கள் பிறந்த கதையை அங்கே வேலை செய்பவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அப்படிப்பட்டவளிடம் 'ஹோட்டல் ஓர்டர்' என்று சொன்னால் எடுபடுமா?

மறுநாளே வசமாக மாட்டினான் தனேஷ். மகேந்திரனோடு அதே ஃபெக்டரியில் வேலை செய்பவன். ரொட்டியும் முட்டையும் வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தவனிடம் பையைப் பார்க்கிற சாக்கில் பேச்சுக் கொடுத்தாள்.

"என்னப்பா, ஓட்டி செஞ்சு செஞ்சு இளைச்சிட்டே போல?"

"என்னக்கா ஓட்டி? இந்த மாசம் ஓர்டரே இல்லலா. பொழுது சாயறதுக்குள்ள மெசின அடச்சிட்டு எல்லாரும் கெளம்பிருவோம்."

"எல்லாருமா?"

தனேஷ் ஒரு கணம் விழித்தான். பிறகு, "முட்டை ஒடஞ்சிரும்க்கா, பாத்து," என்று பையை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினான். பிரமிளாவுக்கு அது போதும்.

இந்தச் சந்தேகம் இன்று நேற்று முளைத்ததல்ல. போன வருடம் கம்பிச்சடக்குத் தோட்டத்துத் தீமிதியில் மகேந்திரன் சுட்டுக்கொண்டான். சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போனால், இரயில் தண்டவாளத்தை ஒட்டி அந்தத் தோட்டம் இருந்தது. இப்போது ரப்பரும் இல்லை, தொழிலாளர் குடியிருந்த லயமும் இல்லை. செம்பனைக்கு நடுவே மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. வருடத்துக்கு ஒருமுறை ஈப்போவிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் பழைய தோட்டத்துச் சனம் காரில் வந்து இறங்கும். அந்தச் சனத்தின் கண் முன்னால், குழியின் நடுவில், மகேந்திரனின் வேட்டியில் தீ ஏறியது. அவன் அலறவில்லை. அக்கரைக்கு ஓடி விழுந்தான். முழங்காலுக்குக் கீழே தோல் துணியோடு சேர்ந்து உரிந்து வந்தது.

சுட்டால் என்ன அர்த்தம் என்பது அந்தத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். விரதத்தில் குறை. கறி தின்றிருக்க வேண்டும், குடித்திருக்க வேண்டும், இல்லை பெண் விஷயம். வாய்விட்டுச் சொன்னவள் குமுதா, மகேந்திரனின் அண்ணி. "நம்ம கண்ணுக்குத் தெரியாம என்ன செஞ்சானோ, அம்மா பாத்துட்டா," என்று கோயில் வாசலிலேயே சொல்லிவிட்டாள். குமுதாவுக்கு வருடா வருடம் சாமி வரும் என்பதால் அவள் பேச்சுக்குத் தனி மரியாதை. பிரமிளாவுக்கு அவள்மீதும் சந்தேகம் உண்டு. கண்ணை மூடி ஆடுகிற குமுதாவின் சாமிக்கு எலுமிச்சம்பழத் தட்டு எங்கே இருக்கிறதென்று ஒவ்வொரு முறையும் சரியாகத் தெரிந்துவிடும். இருந்தாலும் அன்று அவள் சொன்ன சொல் பிரமிளாவின் காதிலேயே தங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் காலில் கட்டோடு கிடந்தவனிடம் நேராகவே கேட்டாள். "எங்கிட்ட சொல்லுங்க. வெரதத்துல தப்பு நடந்துச்சா?"

மகேந்திரன் விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்புறம் அவளைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, விடு," என்றான். தப்புச் செய்யாதவன் இல்லை என்று அடித்துச் சொல்லியிருக்க வேண்டாமா? அவன் விழுங்கிய அந்த வார்த்தை எது என்று பிரமிளா வருடம் முழுக்கத் தேடினாள். அவன் ஃபோனில் தேடினாள், சட்டைப் பையில் தேடினாள், அவன் சிரிக்கும்போதும் தேடினாள். கிடைக்கவில்லை. கிடைக்காத ஒவ்வொரு நாளும் அவளுக்குச் சந்தேகம் கூடியது.

இந்த வருடம் அவன் மறுபடியும் காப்புக் கட்டினான். கூடவே மகள் துளசியும் கட்டிக்கொண்டாள். அப்பாவின் கால் குணமானால் பால்குடம் தலையில் ஏந்திப் பூக்குழி இறங்குவதாக ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வேண்டிக்கொண்ட பெண் அவள்.

தனேஷிடம் பேசிய மறுநாள் காலை மகேந்திரன் ஃபெக்டரி வேனில் வேலைக்குப் போய்விட்டான். கார் சாவி மேசைமேல் கிடந்தது. பிரமிளா பிளாட்டின் படிகளில் இறங்கிப் போய்க் காரின் பின்பக்கத்தைத் திறந்தாள். டயருக்குப் பக்கத்தில், பழைய சாக்குக்குக் கீழே, ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பை. உள்ளே மஞ்சள் துணி.

அது அவளே மஞ்சளில் முக்கிக் காயவைத்த துணி. கம்பிச்சடக்குத் தோட்டத்தில் தீ மிதிக்கிற ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே துணிதான். கரை வைக்காத நாலு மீட்டர் பருத்தி. ஆண்கள் அதை வேட்டியாகக் கட்டுவார்கள், பெண்கள் சுடிதாருக்கு மேலே பாவாடையாகச் சுற்றிக்கொள்வார்கள். இவர்கள் வீட்டில் இருவருக்குமாக இரண்டு துண்டு வெட்டி, மஞ்சள் முக்கி, மடித்து, சாமி மேடையில் வைத்திருந்தாள். ஒன்று இன்னும் அங்கேதான் இருக்கிறது. மற்றது இங்கே எப்படி வந்தது?

துணியைத் தொட்டாள். மொடமொடவென்று விறைத்து நின்றது. விரலில் மாவுபோல ஏதோ ஒட்டியது. முகர்ந்தாள். அதே காட்டம்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஃபெக்டரியில் சேர்ந்த புதிதில் மகேந்திரன் ஒருநாள் இரண்டு துண்டுத் துணியோடு வந்து கேஸ் அடுப்பின் முன்னால் அவளை நிறுத்தி வித்தை காட்டினான். முதல் துண்டு நெருப்பில் காட்டியதும் குப்பென்று பற்றி எரிந்தது. இரண்டாவது கறுத்தது, சுருங்கியது, அவ்வளவுதான். தீ ஏறவே இல்லை. அவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"துணி எரியறது இல்ல பிரமி. சூட்டுல துணியிலேருந்து ஒரு வாயு வருது, அதுதான் எரியுது. இந்த உப்புல பாஸ்பரசும் இருக்கு, நைட்ரஜனும் இருக்கு. பாஸ்பரஸ், துணிய வாயுவாக விடாம அங்கேயே கரியாக்கிப் படிய வச்சிரும். நைட்ரஜன் எரியாத காத்தா வெளிய வந்து நெருப்புக்கு ஓக்சிஜன் போகாம தள்ளி விட்டுரும். தனித்தனியா இருந்தா ரெண்டுக்கும் அவ்ளோ தெம்பு கெடையாது. சேந்துட்டா நெருப்பு கிட்ட வர முடியாது."

"புருசன் பொண்டாட்டி மாதிரின்னு சொல்லுங்க."

அன்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும்தான். பிறகு அவள், "தொவைச்சா?" என்று கேட்டாள்.

"அங்கதான் அடி வாங்கும். இது தண்ணியில கரையிற உப்பு. அலசுனா போச்சு. தொவைச்சாலும் போகாத ஒரு வகை இருக்கு, அத அமோனியா வாயு விட்டு நூலுக்குள்ளயே இறுக வைக்கணும். அந்த மெசின் நம்ம மொதலாளி தவுக்கேகிட்ட இல்லலா."

காரின் பின்னால் குனிந்து நின்ற பிரமிளாவுக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. விரதம் சுத்தமாக இருக்கிறவனுக்கு மருந்து எதற்கு? அம்மன்மேல் நம்பிக்கை உள்ளவன் வேட்டியை ஏன் திருட்டுத்தனமாக உப்பில் முக்க வேண்டும்? போன வருடம் பொய்யோடு இறங்கினான், சுட்டது. இந்த வருடமும் பொய்யோடுதான் இறங்கப் போகிறான், ஆனால் சுடாமல் இருக்க ஏற்பாடு செய்துகொண்டான். ஊரை ஏமாற்றலாம், அம்மனை ஏமாற்றலாம், ஆனால் வாசலில் ஜாகா நிற்கிறவளை ஏமாற்ற முடியுமா?

பையை மேலே எடுத்துப் போனாள். துளசி கல்லூரிக்குப் போயிருந்தாள். வாளியில் தண்ணீர் பிடித்துத் துணியை முக்கினாள். பிழிந்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி முக்கினாள். விறைப்பு போய்த் துணி சாதுவாகக் கையில் விழும்வரை அலசினாள். மஞ்சள் வெளுத்துவிட்டது. மறுபடி மஞ்சள் கரைத்து முக்கினாள். மின்விசிறியின் கீழே காயவைத்துத் தொட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது, துணி இப்படித் துவண்டு கிடந்தால் அவன் கண்டுபிடித்துவிடுவான். உடனே சோறு வடித்த கஞ்சியை எடுத்து நீர்க்கக் கரைத்துத் துணிக்குப் போட்டாள். காய்ந்ததும் பழையபடி மொடமொடவென்று நின்றது. அவன் மடித்திருந்த மடிப்பிலேயே மடித்து, அதே பையில், அதே சாக்குக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள்.

கஞ்சி போட்ட பருத்தி காகிதத்தைப் போலப் பற்றிக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். 'யார் சுத்தம்னு அம்மாவே பாத்துக்கட்டும்,' என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். பாசாராயாவுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டாள்.

தீமிதி அன்று கம்பிச்சடக்குத் தோட்டத்துச் செம்மண் சாலை முழுக்கக் கார்கள். சாயங்கால வெயிலில் பூக்குழியின் கங்கு சாம்பலுக்கு அடியில் சிவந்து கிடந்தது. கிட்டே போனால் புருவம் பொசுங்கும் என்பதால் குழியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டியவர்கள் மட்டுமே கயிற்றுக்கு உள்ளே போகலாம். இல்லையென்றால் சாமி வந்தவர்கள் போகலாம், அவர்களைத் தடுக்க யாருக்கும் துணிச்சல் கிடையாது. இன்னொரு கண்டிப்பும் அங்கே உண்டு. ஆற்றில் குளித்துவிட்டு உலர்ந்த துணிக்கு மாறித்தான் குழியில் இறங்க வேண்டும். மற்றக் கோயில்களில் ஈரத் துணியோடு இறங்குவார்களாம். கம்பிச்சடக்கில் அதை நெருப்புக்குப் பயந்தவன் செய்யும் காரியமாகச் சொல்வார்கள்.

மகேந்திரன் ஆற்றிலிருந்து வந்து காரின் பின்பக்கத்தைத் திறந்தான். பிரமிளா கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்புப் பையை எடுத்தான். அதைத் துளசியின் கையில் கொடுத்தான். பிறகு, வீட்டுச் சாமி மேடையிலிருந்து எடுத்து வந்த மற்றத் துணியை உதறித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு பூசாரி அப்பாவுவைத் தேடிப் போய்விட்டான்.

பிரமிளா மகளின் பின்னாலேயே பெண்கள் துணி மாற்றும் கொட்டகைக்குள் ஓடினாள். துளசி சுடிதாருக்கு மேலே அந்தத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இது அப்பா துணி இல்ல?"

"இல்லம்மா, என்னுதுதான். அப்பா ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. இப்பதான் போட்டுக்கிட்டேன்ல, சொல்றேன்." துளசி குரலைத் தாழ்த்தினாள். "இதுல ஃபெக்டரி மருந்து போட்டிருக்காரு. குடத்த ரெண்டு கையாலயும் பிடிச்சிருப்பேன்ல, துணியத் தூக்கிப் பிடிக்க முடியாது. அதான் அப்பா மொதல்ல முடியவே முடியாதுன்னுட்டாரு. அப்புறம் அவரே தெனமும் வேலை முடிஞ்சு அங்க ஒக்காந்து துணியத் துண்டு துண்டா எரிச்சுப் பாத்து, எவ்ளோ உப்பு போடணும்னு கண்டுபிடிச்சாரு. தவுக்கேக்குத் தெரியாது. தனேஷ் அண்ணன் மட்டும் ஒதவி."

பிரமிளா துணியின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னொண்ணும்மா. போன வருசம் அப்பா கட்டுன வேட்டி பருத்தியே இல்லையாம். பாதி பொலியெஸ்டராம். அது எரியறப்ப உருகித் தோலுல ஒட்டிக்குமாம். ஆஸ்பத்திரியிலயே அவருக்குப் புரிஞ்சிருச்சாம், அப்புறம் மிச்சத் துணிய ஃபெக்டரியில எரிச்சுப் பாத்திருக்காரு. அத நீதான ஆசையா வாங்கிட்டு வந்தே, தெரிஞ்சா மனசு விட்டுருவேன்னு யார்கிட்டயும் சொல்லலையாம். குமுதா பெரிம்மா அவ்ளோ பேசுனப்பகூட வாயத் தெறக்கல பாரு. கோச்சுக்காத அவருகிட்ட."

ஈப்போ லிட்டில் இந்தியாவில், கண்ணாடி அலமாரியில் பளபளவென்று தொங்கிய அந்த வேட்டியைப் பேரம் பேசி வாங்கியவள் பிரமிளாதான். 'அசல் பருத்திக்கா' என்று கடைக்காரர் சொன்னார். ஊரில் எல்லோரையும் சந்தேகப்படுகிறவள் அன்றைக்கு அவரை நம்பினாள்.

இப்போதே சொல்லியிருக்கலாம். 'துளசி, நான் அத அலசிட்டேன், கழட்டு' என்று ஒரு வாக்கியம். நாக்குவரை வந்தது. ஆனால் அடுத்த கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும். ஏன் அலசினாய்? உன் அப்பாவின் வேட்டி என்று நினைத்தேன். அப்பா சுடட்டும் என்றா? வெட்கம் அவள் வாயை ஒரு நிமிடம் கட்டிப்போட்டது. அந்த ஒரு நிமிடத்துக்குள் உறுமி மேளம் உச்சத்துக்குப் போய்விட்டது. பெண்கள் வந்து துளசியின் தலையில் பால்குடத்தை ஏற்றி, தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு கயிற்றுக்கு உள்ளே போய்விட்டார்கள்.

பிரமிளா கூட்டத்தை இடித்துக்கொண்டு கயிற்றருகே போனாள். ஆண்கள் இறங்கத் தொடங்கியிருந்தார்கள். மகேந்திரன் வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு, மருந்தும் இல்லாமல் மாயமும் இல்லாமல், வெறும் பருத்தியில் கங்கின்மேல் நடந்தான். பொசுங்கிச் சுருங்கிய அந்தப் பழைய தழும்புக் கால்கள் ஒன்றை அடுத்து ஒன்று விழுந்து எழுந்தன. அக்கரையில் பால் ஊற்றிய பள்ளத்தில் காலை வைத்துத் திரும்பி நின்றான். ஒன்றும் ஆகவில்லை. முகத்தில் பயம் மட்டும் போகவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தது மகளை.

அடுத்து பெண்கள். துளசி மூன்றாவதாக நின்றாள். கஞ்சி போட்ட துணி அவள் காலைச் சுற்றிப் பாவாடையாக விரிந்து, மொடமொடவென்று, தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"துளசி! ஏய் துளசி!"

மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கயிற்றைத் தூக்கினாள். காவலுக்கு நின்ற இரண்டு பேர் மறித்தார்கள். "அக்கா, காப்பு கட்டாம உள்ள போவக் கூடாதுலா. பின்னால போங்க." முதல் பெண் இறங்கிவிட்டாள்.

பிரமிளா தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். அவள் வாழ்நாளில் ஆடியதே இல்லை. ஆடுகிறவர்களைச் சந்தேகத்தோடு நின்று பார்த்தவள்தான். ஆனால் அப்படிப் பார்த்துப் பார்த்தே எல்லாம் அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. முதலில் தோள், பிறகு தலை, பிறகு அடிவயிற்றிலிருந்து வருகிற அந்தச் சத்தம்.

"யாருடா என்னைய வெளிய நிறுத்துனது?"

காவலுக்கு நின்றவர்கள் கயிற்றை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கூட்டம் விலகியது. குமுதாவே எலுமிச்சம்பழத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். பிரமிளா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. குழி ஓரத்தில், கும்பிட வருகிறவர்களுக்குத் தெளிக்க மஞ்சள் நீர் கலந்து வேப்பிலை போட்டு வைத்திருந்த அண்டாவை நோக்கி ஓடினாள். பக்கத்தில் கிடந்த ஒரு குடத்தால் மொண்டு மகளின் இடுப்பிலிருந்து ஊற்றினாள். மறுபடி மொண்டாள். துளசி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

அப்பாவு பதறிக்கொண்டு வந்தார். "தாயே, ஈரத் துணி இங்க ஆகாதே தாயே! ஒனக்குத் தெரியாததா?"

"ஆகும்னு நான் சொல்றேன்! எம் புள்ள நனைஞ்சுதான் வருவா. நான் கேட்டேன், குடுக்க மாட்டியா?"

அம்மனே கேட்ட பிறகு அப்பாவு என்ன செய்வார்? கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒதுங்கினார். பிரமிளா துணி முழுக்க ஊறி, மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்டக் கனக்கும்வரை ஊற்றினாள். பிறகுதான் மகளின் தோளைத் தொட்டு அனுப்பினாள்.

துளசி இறங்கினாள். ஈரத் துணியின் ஓரம் கங்கில் பட்ட இடமெல்லாம் சுர்ரென்று ஆவி எழுந்தது. ஒரு இடத்தில் சிவப்பாக ஒரு பொறி ஏறப் பார்த்து, ஈரத்தில் அடங்கியது. பிரமிளா அதைப் பார்த்தாள். அந்த இடம் காய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தாள். தொண்டையிலிருந்து வந்த ஓலம் நடிப்பில்லை. துளசி அக்கரையில் பால் பள்ளத்தில் கால் வைத்தாள். குடத்திலிருந்து ஒரு சொட்டும் சிந்தவில்லை.

கூட்டம் பிரமிளாவைச் சுற்றிக்கொண்டது. "தாயே, எங்க கொற என்னான்னு சொல்லு தாயே," என்று குமுதா குரலெடுத்தாள். பிரமிளாவுக்கு அத்தோடு மயங்கி விழுந்துவிடத்தான் ஆசை. ஆனால் எதிரே குமுதாவின் முகத்தைப் பார்த்ததும் ஒரு வருடம் சேர்த்து வைத்ததெல்லாம் பொங்கியது. அது குமுதாமேல் வந்த கோபமா, தன்மேலேயே வந்ததா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

"போன வருசம் அவன நெருப்பு சுட்டுச்சு. வருசம் பூரா நீங்க நாக்கால சுட்டீங்க. அவன் வெரதம் சுத்தம்டி! மகேந்திரன் சுத்தம்! இனி எவளாவது பேசுனா, பேசுற வாய நான் பாத்துக்குவேன்!"

குமுதா 'அம்மா, அம்மா' என்று கன்னத்தில் அறைந்துகொண்டாள். கேட்டுக்கொண்டிருந்த சனம் மொத்தமும் அக்கரையில் நின்ற மகேந்திரனைத் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டது. அப்பாவு திருநீற்றை நெற்றியில் பூசி, தண்ணீர் தெளித்து, பிரமிளாவை மலையேற்றினார்.

பொழுது இறங்கிய பிறகு, சனம் அன்னதானத்துக்குப் போன நேரம், அவர்கள் இருவரும் காரின் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். துளசி தோழிகளோடு சாப்பிடப் போயிருந்தாள். இவ்வளவு நேரத்தில் எத்தனையோ பேர் வந்து மகேந்திரனின் கையைப் பிடித்துவிட்டுப் போய்விட்டார்கள். குமுதாகூட வந்து, "மனசுல வச்சுக்காத தம்பி," என்றாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பிரமிளாவுக்கு நெஞ்சு இலேசாகியிருந்தது. பிள்ளை பிழைத்தது, புருசன் பேர் மீண்டது. பொய்யாக ஆடினால் என்ன, நல்லதுக்குத்தானே?

"பிரமி," என்றான் அவன். "அந்தத் துணிக்கு ஈரம் தேவையே இல்ல. எதுக்குத் தண்ணி ஊத்துனே?"

சாமி வந்தது என்று சொல்லியிருக்கலாம். ஊரே நம்பிவிட்டது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபோது அந்தப் பொய் வரவில்லை.

"அலசிட்டேங்க. கார்லேருந்து எடுத்து அலசிட்டேன். கஞ்சியும் போட்டேன்."

மகேந்திரன் அவளையே பார்த்தான். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அவன் எதையோ நிதானமாகக் கோத்துப் பார்ப்பது தெரிந்தது.

"துளசி துணின்னு தெரிஞ்சு நீ அலச மாட்டே."

"மாட்டேன். சத்தியமா மாட்டேன்."

"அப்ப என்னுதுன்னு நெனச்சிருக்கே."

அவள் அழுதாள். "எனக்குத் தெரியலங்க. நீங்க எதையோ மறைக்கிறீங்கன்னு... எம் புத்தி அப்படிப் போச்சு. மன்னிச்சிருங்க." அவன் கையைப் பிடித்தாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. திட்டவும் இல்லை. "சரி, அழாத, ஆளுங்க பாக்குறாங்க," என்று மட்டும் சொன்னான்.

அன்னதானப் பந்தலிலிருந்து ஒருத்தி நீர்மோர் ஜக்கோடு அந்தப் பக்கம் வந்தாள். பிரமிளா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஒரு டம்ளரில் வாங்கி, உப்பு போதுமா என்று வாயில் விட்டுப் பார்த்து, புருசனிடம் நீட்டினாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவன். மகேந்திரன் டம்ளரை வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை. வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்துக்கொண்டிருந்தான்.